முதல் கேஸ் கேரளத்தில், இரண்டாவது கேஸ் தமிழ்நாட்டில்: ஒரு ஜீப் டிரைவரின் மனைவிக்குப் பதில்

கேள்வி:

ஐயா, வணக்கம். என் வீட்டுக்காரர் ஜீப் டிரைவர். விடியக்காலையில கம்பத்துல பொம்பளை ஆளுங்களை ஏத்திக்கிட்டு கம்பம்மெட்டு வழியா மேலே ஏலத் தோட்டத்துக்குப் போவார். சாயங்காலம் திரும்பக் கொண்டாந்து இறக்கி விடுவார். ஜீப் முதலாளியோடது. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி குமுளிப் பக்கம் கேரளா போலீஸ் ஊதச் சொல்லிப் பிடிச்சாங்க. ஸ்டேஷன் ஜாமீன்ல விட்டாங்க. அப்புறம் கோர்ட்ல பத்தாயிரம் கட்டினோம். லைசென்ஸை மூணு மாசம் நிறுத்தி வச்சிருந்தாங்க.

போன மாசம் நம்ம பக்கத்துலயே, காலையில அஞ்சே முக்காலுக்கு ஆள் ஏத்தப் போகும்போது மறுபடியும் பிடிச்சுட்டாங்க. மிஷின்ல 64-னு காட்டுச்சாம். காலையில ஒரு சொட்டுக்கூட குடிக்கலை, முந்தின ராத்திரி குடிச்சதுதான்னு பிள்ளைங்க தலையில அடிச்சுச் சத்தியம் பண்றார். லைசென்ஸை வாங்கி வச்சுக்கிட்டாங்க. கோர்ட்டுக்கு வரச் சொல்லி சம்மன் வந்திருக்கு. "அது கேரளா கேஸ், இது தமிழ்நாடு கேஸ், ரெண்டுக்கும் சம்பந்தமில்லை. பத்தாயிரத்தைக் கட்டிட்டா முடிஞ்சது"ங்கிறாங்க கூட ஓட்டுறவங்க. முதலாளி, "கேஸ் பாட்டுக்குக் கேஸ் நடக்கட்டும், நீ வண்டியை எடு"ங்கிறார். என் கொழுந்தன் வண்டன்மேட்டுல இருக்கான். அவன் அட்ரஸ்ல கேரளாவுல புது லைசென்ஸ் எடுத்துடலாம்ங்கிறான். இவர் ஜெயிலுக்குப் போயிடுவாரா? நான் என்ன செய்யணும்?

ஒரு சகோதரி, கம்பம் பக்கம்

பதில்:

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் கேட்டதற்கெல்லாம் முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்ப்போம். இது இரண்டாவது குற்றமாகவே எடுத்துக்கொள்ளப்படும், எல்லை தாண்டியதால் பழையது அழியாது. சிறைத்தண்டனைக்கு வாய்ப்பு உண்டு, ஆனால் கட்டாயம் இல்லை. லைசென்ஸ் ரத்தாகும் வாய்ப்புதான் மிக அதிகம். முதலாளி சொல்வதும் கொழுந்தன் சொல்வதும் உங்கள் வீட்டுக்காரரை இன்னும் ஆழமாகச் சிக்க வைக்கும் வழிகள். வழக்கு முடியும்வரை அவர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள்.

குமுளியில் இருக்கும் சட்டமும் கம்பத்தில் இருக்கும் சட்டமும் ஒன்றுதான். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் நாடு முழுவதற்குமான மத்தியச் சட்டம். அதன் 185-ஆவது பிரிவு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வண்டி ஓட்டுவதையும், ஓட்ட முயல்வதையும் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இரண்டாவது தடவைக்கும் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். முன்பு, முதல் குற்றம் நடந்து மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால்தான் கூடுதல் தண்டனை என்றிருந்தது. 2019-இல் வந்த திருத்தம் அந்த மூன்று ஆண்டு வரம்பை எடுத்துவிட்டது. ஜீப் ஸ்டாண்டுகளில் இன்னமும் "மூணு வருசம் தாண்டிட்டா பழைய கேஸ் செல்லாது" என்று பேசிக்கொள்கிறார்கள். அது பழைய சட்டம். உங்கள் விஷயத்தில் இரண்டு வருடம்தான் ஆகியிருக்கிறது என்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கூட ஓட்டுகிறவர்கள் "பத்தாயிரம் கட்டினால் முடிந்தது" என்று சொல்வதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. ஹெல்மெட் போடாததற்கும் சீட் பெல்ட் போடாததற்கும் ரோட்டிலேயே அபராதம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு போகலாம். அப்படிச் சமரசமாக முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியல் அதே சட்டத்தின் 200-ஆவது பிரிவில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் 185 கிடையாது. குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு நீதிமன்றத்துக்குப் போயே தீர வேண்டும். ஆகவே இரண்டு வருடம் முன்பு நீங்கள் கட்டியது வெறும் ஃபைன் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் மாஜிஸ்திரேட் முன்னால் நின்று "ஆமாம், செய்தேன்" என்று ஒப்புக்கொண்டார். நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்மானித்து, அதற்கான தண்டனையாக அந்தப் பத்தாயிரத்தை விதித்தது. பெட்டி கேஸ், அதாவது சின்ன வழக்கு என்று எல்லோரும் லேசாகச் சொன்னாலும் அது ஒரு குற்றவியல் தண்டனை. நீதிமன்றப் பதிவேட்டில் அது இருக்கும். லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்தி வைத்த விவரம் போக்குவரத்துத் துறையின் 'சாரதி' கணினிப் பதிவில் இருக்கும். அந்தப் பதிவைத் தேனியிலிருந்தும் பார்க்கலாம், இடுக்கியிலிருந்தும் பார்க்கலாம்.

ஒன்று மட்டும் உங்கள் பக்கம் கவனிக்க வேண்டியது. கூடுதல் தண்டனை கேட்கிற அரசுத் தரப்பு, முந்தைய தண்டனை எந்தத் தேதியில், எந்த நீதிமன்றத்தில் விதிக்கப்பட்டது என்பதைச் சொல்லி நிரூபிக்க வேண்டும். குற்றப்பத்திரிகையில் அது இருக்கிறதா என்று வக்கீல் பார்க்க வேண்டும். அது இல்லையென்றால் முதல் குற்றமாகவே வழக்கு நடக்கவும் கூடும். அதற்காக, மாஜிஸ்திரேட் நேரடியாகக் கேட்கும்போது "முன்னாடி கேஸ் எதுவும் இல்லை" என்று பொய் சொல்லக் கூடாது. பிறகு பதிவு வெளியே வந்தால் அவர்மேல் யாருக்கும் இரக்கம் இருக்காது.

இனி அந்த 64-க்கு, அதாவது 100 மில்லி ரத்தத்தில் 64 மில்லிகிராம் என்பதற்கு வருவோம். உங்கள் வீட்டுக்காரர் செய்த சத்தியத்தை நான் நம்புகிறேன். அவர் காலையில் குடிக்காமலேயே அந்த அளவு காட்டியிருக்க முடியும். மலையேறுகிற ஜீப் டிரைவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உடம்பு ஆல்கஹாலை மெதுவாகத்தான் கழிக்கும். 100 மில்லி ரத்தத்துக்கு மணிக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை, சராசரியாக 15 என்று வைத்துக்கொள்ளலாம். கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். கட்டங்காப்பி குடித்தாலும், எலுமிச்சை பிழிந்து குடித்தாலும், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாலும் அந்த வேகம் கூடாது. தூக்கம் கண்ணைத் தெளிய வைக்கும், ரத்தத்தைத் தெளிய வைக்காது. இரவு பதினொரு மணிக்குக் குடித்து முடித்து, காலை அஞ்சே முக்காலுக்கு 64 காட்டினால், இடையில் போன ஏழு மணி நேரத்துக்குச் சுமார் 100 கழிந்திருக்கும். அப்படியானால் படுக்கும்போது ரத்தத்தில் 160-க்குமேல் இருந்திருக்கிறது, அதாவது வரம்பைப்போல் ஐந்து மடங்கு. ஆளாளுக்குக் கணக்கு மாறும், இது தோராயம்தான். ஆனாலும் அன்று இரவு அவர் நிறையவே குடித்திருக்கிறார் என்பதும், விடியும்போது அவர் ரத்தம் இன்னும் தெளியவில்லை என்பதும் நிச்சயம். "நான் நல்லாத்தானே இருந்தேன்" என்று அவருக்குத் தோன்றியிருக்கும். பழகிய உடம்புக்குத் தள்ளாட்டம் தெரியாது. ஆனால் பிரேக்கில் கால் வைக்கிற நேரம் தாமதமாகும், கொண்டை ஊசி வளைவில் எதிரே வருகிற லாரியின் தூரம் தப்பாகத் தெரியும்.

சட்டமும், எப்போது குடித்தாய் என்று கேட்பதில்லை. ஓட்டும்போது ரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்பதை மட்டும்தான் பார்க்கிறது. எந்தப் பானம் என்றும் கேட்பதில்லை. மேலே கள்ளு ஷாப்பில் குடித்தாலும், கீழே டாஸ்மாக்கில் வாங்கிக் குடித்தாலும் கணக்கு ஒன்றுதான். கேரளத்தில் கள் சட்டப்படி விற்கிற பானம், அதனால் அதைக் குடித்து ஓட்டினால் தப்பில்லை என்று நம்புகிறவர்களை நம் பக்கத்தில் பார்க்கிறேன். விற்பது சட்டப்படி என்றால் குடிப்பது சட்டப்படி, அவ்வளவுதான். ஓட்டுவது அதில் சேராது. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி கேரளத்தில் மதுக்கடை அடைப்பு என்பதால் அன்றைக்கு மலையிலிருந்து கீழே வண்டிகள் இறங்குவதும், ராத்திரியே திரும்ப ஏறுவதும் உங்களுக்கும் தெரிந்ததுதான்.

இப்போது வழக்கைப் பற்றி. சம்மனில் இருக்கும் தேதிக்கு முன்னாலேயே ஒரு வக்கீலைப் பாருங்கள். நேராகப் போய் நின்று, போன தடவை மாதிரியே பழக்கத்தில் "ஒத்துக்கிறேன்" என்று சொல்லிவிடக் கூடாது. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், பிறகு மேல்முறையீட்டில் "நான் செய்யவில்லை" என்று சொல்ல முடியாது. தண்டனை அதிகம் என்றோ, சட்டப்படி சரியில்லை என்றோ மட்டும்தான் கேட்க முடியும். எனவே ஒப்புக்கொள்வதா, வழக்கை நடத்துவதா என்பதைக் காகிதங்களைப் பார்த்த பிறகு முடிவு செய்ய வேண்டும்.

வக்கீல் பார்க்க வேண்டிய காகிதங்கள் இவை. மூச்சுக் கருவியிலிருந்து வந்த அச்சுச் சீட்டு: அதில் தேதி, நேரம், ஊதுவதற்கு முன் கருவி பூஜ்யம் காட்டியதா என்ற குறிப்பு, அவருடைய கையெழுத்து. கைது செய்திருந்தால், கைதான இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரிடம் பரிசோதனைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும், இல்லையென்றால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று 202-ஆவது பிரிவு சொல்கிறது. அது நடந்ததா என்று பார்க்க வேண்டும். வாயில் வாடை அடித்தது என்ற ஒரே காரணத்தை வைத்து 30 மில்லிகிராம் தாண்டியதாகச் சொல்ல முடியாது. மறுபக்கம், ஊத மறுப்பதும் தப்பிக்கும் வழி இல்லை. காரணமில்லாமல் மறுத்தால் அதையே அவருக்கு எதிரான சூழ்நிலையாக எடுத்துக்கொள்ள 205-ஆவது பிரிவு இடம் தருகிறது. இதையெல்லாம் நான் ஓட்டை தேடச் சொல்வதற்காக எழுதவில்லை. நிரூபிக்காமல் யாரையும் தண்டிக்கக் கூடாது என்பதற்காக வைத்த விதிகள் இவை, அவற்றைப் பார்க்கக் கேட்கும் உரிமை உங்கள் வீட்டுக்காரருக்கு உண்டு. ஆனால் கருவி சரியாக இருந்து, சீட்டும் சரியாக இருந்து, 64 என்பது உண்மையானால், வருடக்கணக்கில் வாய்தா வாங்கிக்கொண்டு இழுப்பதால் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை. அப்போது ஒப்புக்கொண்டு, தண்டனையைக் குறைக்கக் கேட்பதுதான் நல்லது.

ஜெயில் பயம் உங்களைத் தூங்க விடாமல் வைத்திருக்கும் என்று தெரியும். இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம், ஆகவே தீர்ப்புக்கு முன்னால் உள்ளே வைத்துவிடுவார்களோ என்று அஞ்ச வேண்டாம். ஆனால் சம்மனுக்குப் போகாமல் இருந்தால் பிடிவாரண்டு வரும், அப்போது நிலைமை வேறு. இந்த மாதிரி வழக்குகளைப் பெரும்பாலும் சுருக்க விசாரணையாகவே நடத்துவார்கள். அந்த முறையில் மூன்று மாதத்துக்குமேல் சிறை விதிக்க முடியாது. சட்டத்தில் "அல்லது" என்று இருப்பதால் அபராதத்தோடு நிறுத்தவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பார் என்பது அவர் முன்னால் நிற்கிற மனிதர் எப்படிப்பட்டவராகத் தெரிகிறார் என்பதைப் பொறுத்தது. 2015-இல் உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு, முதல் தடவைக்கே சிறைத்தண்டனை கேளுங்கள் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. அப்படியிருக்க, இரண்டாவது தடவையாக வருகிறவர், அதுவும் ஆள் ஏற்றுகிற தொழில் டிரைவர், லேசாகப் போய்விடலாம் என்ற நினைப்போடு போகக் கூடாது.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் உத்தமபாளையம் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள், அல்லது 15100 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், வருமானம் வரம்புக்குள் இருப்பவர்களுக்கும் இலவச வக்கீல் உண்டு.

லைசென்ஸ் விஷயத்தில் இரண்டு பேர் கையில் அதிகாரம் இருக்கிறது. ஒருவர் மாஜிஸ்திரேட். 185-இல் தண்டிக்கிற நீதிமன்றம், குறைந்தது ஆறு மாதத்துக்கு லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதியில்லை என்று உத்தரவு போட வேண்டும் என்று 20-ஆவது பிரிவு சொல்கிறது. இன்னொருவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலர். போலீஸ் வாங்கிய லைசென்ஸ் அவருக்குத்தான் அனுப்பப்படும். முதல் குற்றம் என்றால் மூன்று மாதம் நிறுத்தி வைப்பார், உங்களுக்கு அது நடந்துவிட்டது. இரண்டாவது என்றால் சட்டம் சொல்வது ரத்து. ரத்தானவர்களின் பெயரைப் பொதுவெளியில் வெளியிடவும் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அவர் எதையும் செய்வதற்கு முன் உங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்க வேண்டும், எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். அந்த நோட்டீஸ் வரும்போது தயவுசெய்து அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். நோட்டீஸைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிட்டு, உத்தரவு வந்த பிறகு ஓடி வருகிறவர்கள் நிறையப் பேர். போய் நேரில் நில்லுங்கள், குடியை விட என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதற்கான சான்றைக் கொடுங்கள். உத்தரவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும் நிலை வந்தாலும், புத்தாக்கப் பயிற்சி முடித்தால்தான் கைக்கு வரும்.

இப்போது முதலாளி சொன்னதற்கு வருகிறேன். லைசென்ஸை வாங்கும்போது போலீஸ் ஒரு ரசீது கொடுத்திருப்பார்கள். பழைய வழக்கப்படி அந்த ரசீதே ஓட்டுவதற்கு அனுமதி என்று டிரைவர்கள் நினைக்கிறார்கள். மற்ற குற்றங்களில் அது சரியாக இருக்கலாம். ஆனால் 185-இல் வாங்கப்பட்ட லைசென்ஸுக்குக் கொடுக்கும் ரசீது, லைசென்ஸ் திரும்பி வரும்வரை ஓட்ட அனுமதிக்காது என்று 206-ஆவது பிரிவின் புதிய உட்பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. ஆகவே போன மாதம் பிடிபட்ட அன்றிலிருந்தே அவருக்கு ஓட்டும் உரிமை இல்லை. தகுதியிழப்பு உத்தரவு வந்த பிறகும் ஓட்டினால் 182-ஆவது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். இது மூன்றாவது வழக்கு. லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த முதலாளிக்கு 180-ஆவது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய், அல்லது இரண்டும். குடித்திருக்கிறார் என்று தெரிந்தே வண்டியை எடுக்கச் சொன்னால் அவர் 188-இன்படி உடந்தையும் ஆவார், அதற்கு 185-க்குரிய தண்டனையே. இந்தப் பகுதியை முதலாளியிடம் அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

அவரை அதைவிட அதிகமாக அசைக்கப் போவது இன்சூரன்ஸ். டிரைவர் குடித்திருந்தால் ஜீப்புக்கு ஆன சேதத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு பைசா தரத் தேவையில்லை. அடிபட்டவர்களுக்கு இழப்பீடு தரும் விஷயத்திலும், டிரைவர் குடித்திருந்தார், தகுதியிழந்தவர் என்பதையெல்லாம் கம்பெனி தன் எதிர்வாதமாக வைக்க 150-ஆவது பிரிவு இப்போது இடம் தருகிறது. 2023-இல் கேரள உயர் நீதிமன்றம், அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அதை டிரைவரிடமும் உரிமையாளரிடமும் வசூலிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அடிபட்டவருக்கு அது நியாயம். ஆனால் அந்தத் தொகை லட்சக்கணக்கில் திரும்பி வந்து நிற்கும் இடம் முதலாளியின் வீட்டு வாசலும் உங்கள் வீட்டு வாசலும்தான். ஜீப் ஓன் போர்டாக, அதாவது சொந்த உபயோகத்துக்கு மட்டும் பதிவான வண்டியாக இருந்து காசுக்கு ஆள் ஏற்றினால், பர்மிட் இல்லாத குற்றமும் சேரும், இன்சூரன்ஸ் இன்னும் பலவீனமாகும்.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது, அதை எழுதாமல் என்னால் இந்தப் பதிலை முடிக்க முடியாது. அந்த ஜீப்பில் பின்னால் உட்கார்ந்து போகிறவர்கள் யார்? விடியும் முன் எழுந்து, சோற்றைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு, இருட்டிலேயே தெருமுனையில் வந்து நிற்கிற பெண்கள். வண்டி கொள்ளாமல் நெருக்கியடித்து உட்காருவார்கள். டிரைவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்து ஏறும் வசதி அவர்களுக்கு இல்லை, ஏறாவிட்டால் அன்றைய கூலி போய்விடும். அந்த மலைப் பாதையில் டிரைவர் ஒரு நொடி தாமதித்தால், ஒரு வண்டி முழுக்கக் குடும்பங்கள் போய்விடும். அவர்களில் சிலர் உங்களுக்குச் சொந்தக்காரர்களாகவே இருப்பார்கள்.

அப்படி ஒன்று நடந்தால் சட்டம் 185-ஓடு நிற்காது. கவனக்குறைவால் மரணம் என்ற வகையில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவு ஐந்து ஆண்டு வரை சிறை சொல்கிறது. குடித்து ஓட்டியதை அதற்கும் மேலான குற்றமாக, அதாவது கொலை ஆகாத மரணம் விளைவித்தலாக நீதிமன்றம் பார்க்கலாம். அதற்குப் பத்தாண்டு வரை சிறை. மும்பை கார்ட்டர் சாலையில் 2006 நவம்பரில் குடிபோதையில் ஓட்டப்பட்ட கார் நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்கள்மேல் ஏறி ஏழு பேர் இறந்தார்கள். அந்த அலிஸ்டர் அந்தோணி பெரேரா வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம், இது வெறும் கவனக்குறைவு இல்லை, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஆவது பிரிவின் இரண்டாம் பகுதியில் வரும் குற்றம் என்று உறுதி செய்தது. குடித்து ஓட்டினால் ஆள் சாகக்கூடும் என்பது ஓட்டுகிறவருக்குத் தெரிந்தே இருக்கும் என்பதுதான் அந்த வாதத்தின் அடிப்படை. ஏற்கெனவே இரண்டு முறை பிடிபட்டு எச்சரிக்கப்பட்ட ஒருவர், "எனக்குத் தெரியாது" என்று எந்த நீதிமன்றத்தில் போய்ச் சொல்ல முடியும்?

கொழுந்தன் சொல்லும் வழியைச் சுருக்கமாகவே முடிக்கிறேன். ஒருவர் இரண்டு லைசென்ஸ் வைத்திருக்கக் கூடாது. தகுதியிழப்புக் காலத்தில் விண்ணப்பிப்பதும், பழைய குறிப்புகளை மறைத்து விண்ணப்பிப்பதும் மேலே சொன்ன அதே 182-இல் குற்றம். அப்படி வாங்கிய லைசென்ஸ் செல்லவும் செல்லாது. 'சாரதி' பதிவு இரண்டு மாநிலத்துக்கும் பொது என்பதால் மாட்டுவது உறுதி. வண்டன்மேட்டு அட்ரஸ் கொடுத்த கொழுந்தனும் விசாரணைக்குள் வருவார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் இதைச் செய்ய விடாதீர்கள்.

நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். வழக்கை வக்கீல் பார்த்துக்கொள்வார். உங்களால் மட்டுமே தள்ளக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. வாய்தா தேதிக்கு முன்னாலேயே அவரைக் குடிநோய் சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கேரளப் பக்கத்தில் அரசின் விமுக்தி திட்டத்தில் சிகிச்சை கிடைக்கும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற தேசிய உதவி எண்ணில் கேட்கலாம், கட்டணம் இல்லை. "இன்னைக்கே விட்டுடறேன்" என்று அவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்த முயன்றால் கவனமாக இருங்கள். தினமும் நிறையக் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தும்போது கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மையில் தொடங்கி வலிப்பு வரைக்கும், மனக்குழப்பம் வரைக்கும் போகலாம், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அவரைத் திட்டி, மானத்தை வாங்கி, சத்தியம் வாங்கி இது தீராது. இது ஒரு நோய், இதற்கு மருந்தும் இருக்கிறது.

மாஜிஸ்திரேட் முன்னாலும் ஆர்.டி.ஓ. முன்னாலும் "இனிமேல் குடிக்க மாட்டேன்" என்று வாயால் சொல்வதை எல்லோரும் சொல்கிறார்கள். இத்தனாம் தேதியிலிருந்து சிகிச்சையில் இருக்கிறேன், இதோ மருத்துவமனைச் சீட்டு என்று காட்டுகிறவர் அபூர்வம். அபராதத்தோடு நிறுத்துவதா, உள்ளே அனுப்புவதா என்று நீதிமன்றம் யோசிக்கும்போது அந்தச் சீட்டு பேசும். அது தண்டனையைத் தடுத்துவிடும் என்று நான் உறுதி சொல்லவில்லை. ஆனால் உங்கள் கையில் இருப்பதில் மிக வலுவான காகிதம் அதுதான்.

வருமானம்தான் உங்கள் அடுத்த கவலை என்று புரிகிறது. ஆறு மாதமோ அதற்கு மேலோ அவர் ஓட்ட முடியாது என்று வைத்துக்கொண்டே குடும்பக் கணக்கைப் போடுங்கள். தோட்டத்தில் ஏலக்காய் ஸ்டோரிலோ, உரம் போடுகிற, களை எடுக்கிற வேலையிலோ கூலிக்குப் போகலாம். முதலாளியிடமே ஓட்டாத வேலை ஏதாவது கேட்கலாம். வருடக்கணக்கில் விடியக்காலையில் வண்டி எடுத்தவரை ஒரேயடியாகக் கைவிடாமல் இருப்பது முதலாளிக்கும் கடமை, அதை அவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

சம்மன், ரசீது, அச்சுச் சீட்டு இருந்தால் அது, கேரள வழக்கில் பணம் கட்டிய ரசீது, ஆதார் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு, வாய்தாவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே உத்தமபாளையம் போய்விடுங்கள். கேரள வழக்கின் ரசீது தொலைந்திருந்தால், அது நடந்த நீதிமன்றத்தில் மனுப் போட்டு நகல் வாங்கலாம், அதற்குச் சில நாள் ஆகும் என்பதால் முதலில் அதைத் தொடங்குங்கள். போகும்போது உங்கள் வீட்டுக்காரரையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள், பஸ்ஸில்.